மணல் மேசைமேல் ஒரு மிஷின் கன்

நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சராக வந்த வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு நாள், பட்டப்பகலில் முப்பது பேர் பார்க்கத் தரையில் குப்புற விழுந்தேன்.

யட்டியாந்தோட்டைக் கடைவீதியிலிருந்து ஐந்து மைல் மேலே ஏறினால் வரும் ரப்பர் தோட்டம் அது. மழை விட்டு நாலைந்து நாள் சேர்ந்தாற்போல வெயில் அடித்தால் ரப்பர் காய்கள் மரத்திலேயே காய்ந்து வெடிக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்தால் யாரும் கவனிப்பதில்லை. உச்சி வெயிலில் ஒரு சரிவு முழுக்கச் சேர்ந்து வெடித்து, விதைகள் ஆஸ்பத்திரியின் தகரக் கூரைமேல் கொட்டும்போதுதான் அது மிஷின் கன் சத்தமாகிவிடும். எனக்கு ரப்பர் மரமே புதிது. திருச்சிப் பக்கத்தில் பிறந்து, பட்டாளத்தில் ஆறு வருஷம் காயக்காரர்களுக்குக் கட்டுப்போடும் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் ஒரு மாதம்கூடத் தங்காமல் கப்பலேறியவன் நான். மருந்துக்கு நின்ற பெண்கள் எனக்கு வலிப்பு என்று நினைத்தார்கள். ஒருத்தி என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள்.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு பார்த்தால், எதிர்ப்பாதையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. அவர் விழவில்லை. ஆனால் ஒரு முழங்கால் மண்ணில் இருந்தது, ஒரு கை தரையில் ஊன்றியிருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுந்து வந்து, தோட்டத்துத் தமிழில், பட்டாளத்தில் எந்தப் பக்கம் இருந்தாய் என்று கேட்டார். வடமேற்கு எல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. கலியாணம் ஆகவில்லை. யாரையும் அதட்டிப் பேசியதில்லை. அதனாலேயே கங்காணிமார் அவருக்குக் கூடுதலாகப் பயந்தார்கள்.

அந்த வாரமே துண்டுச் சீட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு பங்களாவுக்கு வரவும் என்று இருந்தது. ஒரு டிஸ்பென்சரை பங்களாவுக்குக் கூப்பிட்டால் ஒன்று அங்கே யாருக்கோ காய்ச்சல், இல்லாவிட்டால் அவன் வேலைக்கு ஆபத்து. நான் மருந்துப் பெட்டியோடு போனேன். சமையல்கார அப்பு பின்வாசலில் நின்றார். ருவான்வெல்லைப் பக்கத்துச் சிங்களவர். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். என் பெட்டியைப் பார்த்துவிட்டு, அது வேண்டியதில்லை என்றார். பங்களாவின் கடைசி அறை வரைக்கும் கூட்டிப்போய், கதவுக்கு இரண்டு அடி முன்னாலேயே நின்றுகொண்டார்.

உள்ளே இரண்டு கட்டில் அகலத்துக்குப் பலகை மேசை. அதன்மேல் ஆற்று மணலைக் குவித்து மலை செய்திருந்தார். கூரான முகடு, உடைந்த கல், வறண்ட ஓடை. ஒரு புல் பூண்டு இல்லை. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பச்சை. சுவரில்கூடப் பாசி பிடிக்கிற ஊர் அது. அந்த மணல் மட்டும் ஊதினால் பறக்கிற மாதிரி காய்ந்திருந்தது. ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைவீட்டில் வைத்து அதை அடிக்கடி வறட்டிக் கொண்டுவருவதாகப் பிறகு அப்பு சொன்னார். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். எல்லையில் நான் விட்டுவிட்டு வந்த நாடு அங்கே இடுப்பு உயரத்தில் கிடந்தது.

மலைமேல் விரல் உயர ஈயச் சிப்பாய்கள், காக்கிச் சட்டையும் தலைப்பாகையுமாக. கீழே ஓடையில் மலைக்காரர்கள், துப்பாக்கியும் கத்தியுமாக. இது விளையாட்டு என்றார் துரை. பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர்தான் இதுவரை எதிர்ப்பக்கம் ஆடியிருக்கிறார். அவர் சீமைக்குப் போய்விட்டார். இப்போது எனக்கு மலைக்காரர்கள், அவருக்குச் சிப்பாய்கள். அளவுகோலால் அளந்து நகர்த்த வேண்டும். பத்துத் துப்பாக்கிக்கு ஒரு பகடை. ஐந்தோ ஆறோ விழுந்தால் எதிரியில் ஒருவன் சாய்வான். நாலு பேர் சுமக்கிற பெரிய மிஷின் கன்னுக்கும் விதி இருந்தது. வைத்த இடத்தைவிட்டு நகராது, ஆறு பகடை.

அவருக்கு விளங்காமல் இருந்தது சின்ன மிஷின் கன்தான். மேலே குண்டு அடைத்த வட்டத் தட்டு வைத்த துப்பாக்கி. ஒருவன் படுத்துச் சுடுவான், இன்னொருவன் தட்டு மாற்றிக் கொடுப்பான். அதை மேசைமேல் எப்படிக் காட்டுவது என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். பத்துத் துப்பாக்கிக்குச் சமம் என்று வைத்துப் பார்த்தாராம். வெறும் பத்துத் துப்பாக்கியாகத்தான் இருந்ததாம். பெரிய கன்னில் பாதி என்று வைத்துப் பார்த்தாராம், அதுவும் ஒட்டவில்லை. மூங்கில் குழாயில் கடுகை வைத்து ஊதியும் பார்த்திருக்கிறார். இரு பக்கமும் சேர்ந்து விழுந்ததுதான் மிச்சம்.

அதன் காயம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். துப்பாக்கிக் காயம் ஆளுக்கு ஒன்று. இது அப்படி இல்லை. ஒருவன் உடம்பில் விரலிடை விட்டு மூன்று இருக்கும், பக்கத்தில் கிடந்தவனுக்கு ஒரு கீறல் இருக்காது. நெருக்கமாக நின்றவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது விசிறி மாதிரி வெட்டிய ஓர் அட்டை இருந்தது. அதன் நுனியைத் துப்பாக்கி வாயில் வைத்தால், அட்டைக்குள் யார் இரண்டு விரலுக்குள் ஒட்டி நிற்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் பகடை.

அந்தத் துப்பாக்கி சிக்கிக்கொள்வதைக் காட்ட ஒரு துணிப்பை வைத்தார். பைக்குள் பன்னிரண்டு ரப்பர் விதை. ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசியிருந்தது. ஒவ்வொரு தரம் சுடும்போதும் ஒரு விதை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் துப்பாக்கி இறுகிவிட்டது. பிறகு அன்றைய ஆட்டம் முழுக்க அதற்கு வாயில்லை.

சின்னத் துப்பாக்கியைச் செய்து கொடுத்தது யட்டியாந்தோட்டையில் கடிகாரம் பழுது பார்க்கும் முஸ்லிம் நானா. படத்தை எடுத்துக்கொண்டு போனவன் நான்தான். ஊசியின் முனையை உடைத்துக் குழல் செய்தார். பெண்கள் கட்டும் கைக்கடிகாரம் ஒன்றின் பல்சக்கரத்தைத் தட்டாக ஈயம் வைத்து ஒட்டினார். தும்மினால் பறந்துவிடும் அளவுதான். செய்து முடித்ததும் நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னதாக இருந்தால் விளையாட்டாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை என்றார்.

மூன்று ஞாயிறு ஆடினோம். மூன்று தரமும் அதே முகடு, அதே ஓடை. உச்சியில் ஏழு சிப்பாய்கள், சின்னத் துப்பாக்கி, ஒரு வெள்ளைக்கார அதிகாரி. எல்லையில் இதைத்தான் செய்வார்கள்: பாதையில் படை கடந்து போகும்வரை மலை உச்சியில் சிலரை நிறுத்தி வைப்பார்கள்; கடைசியாக இறங்க வேண்டியவர்கள் அவர்கள். வேறு மலை செய்து ஆடலாமே என்றேன். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் அதே மலைதான் இருந்தது.

மூன்று தரமும் வெள்ளை விதை வந்தது. முதல் ஞாயிறு நாலாவது தடவையில். இரண்டாவது ஞாயிறும் நாலாவது தடவையில். மூன்றாவது ஞாயிறு அவர் நாலாவது விதைக்குக் கையைப் பைக்குள் விட்டதும் நான் குனிந்து பார்த்தேன். வெள்ளைதான். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. விதையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, நீ மேலே வா என்றார். நான் மலைக்காரர்களை மேலே கொண்டுபோனேன். அட்டைக்கு வேலையில்லாமல் போனபின் அது கஷ்டமில்லை. ஏழு பேரும் சாய்ந்தார்கள். அதிகாரியை மட்டும் எப்போதும் அதற்கு முன்பே எடுத்து அவர் தன் பக்கம் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. துரையிடம் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கு மறுநாள் அப்பு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு கீறல், அவ்வளவுதான். அதற்காக வந்தவராகத் தெரியவில்லை. மருந்து போட்டு முடித்தும் உட்கார்ந்தே இருந்தார்.

"டொக்டர் மாத்தயா, அந்தக் காமரா, அந்த மணல் ரூம், ஹொந்த நே. நல்லதில்ல. துரை தோட்டம் பாக்கப் போன பொறகு உள்ள மணல் சரியுது. நான் வெளியில நிண்டு கேட்டன்."

காய்ந்த மணல் சரியத்தான் செய்யும் என்றேன். அவர் மறுக்கவில்லை. அந்த அறையைக் கூட்டுவதை நிறுத்திவிட்டதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாவது ஞாயிறு நான் சீக்கிரமே போய்விட்டேன். துரை குளித்துக்கொண்டிருந்தார். அறையில் யாரும் இல்லை. வெயில் சாய்வாக மேசைமேல் விழுந்திருந்ததால் மணலில் இருந்த ஒவ்வொரு குழியும் தெரிந்தது. முகட்டிலிருந்து பின்சரிவு வழியாக ஒரு தடம் இறங்கியிருந்தது. சின்னச் சின்னக் குழிகள், ஒன்று விட்டு ஒன்று, இடப்பக்கம் கொஞ்சம் ஆழமாக, பாரம் சுமந்தவன் கால் வைத்த மாதிரி. எங்கள் ஆட்டத்தில் அந்தப் பின்சரிவுக்கு யாரும் போனதேயில்லை. பல்லி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல்லியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பல்லி போனால் நடுவில் வால் இழுத்த கோடு இருக்கும். இதில் கோடு இல்லை.

அன்று நான் ஒரு காரியம் செய்தேன். பையைத் திறந்து, சுண்ணாம்பு பூசின விதையை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவருக்கு ஒருநாளாவது அந்தத் துப்பாக்கி வேலை செய்யட்டும் என்று நினைத்தேன். மிச்சம் பதினொன்றையும் உள்ளங்கையில் கொட்டி எண்ணினேன். எல்லாம் நல்ல பழுப்பு, புள்ளி புள்ளியாக, எண்ணெய் பூசின மாதிரி.

துரை வந்தார். ஆட்டம் தொடங்கியது. முதல் விதை பழுப்பு. இரண்டாவது, மூன்றாவது பழுப்பு. என் ஆட்களில் ஒன்பது பேர் ஓடையிலேயே சாய்ந்துவிட்டார்கள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். நாலாவது விதையை அவர் எடுத்து, பார்க்காமலே மேசை ஓரத்தில் வைத்தார்.

வெள்ளை.

என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போயிற்று. சுண்ணாம்பு பூசின விதை அங்கேதான் இருந்தது. விரலில் பொடி ஒட்டியது. மேசைமேல் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு இல்லை. பூஞ்சை பிடித்து வெளிறிய விதை. அந்த ஈரமான ஊரில் விதைக்குப் பூஞ்சை பிடிப்பது அதிசயமில்லை. ஆனால் அரை மணிக்கு முன் பதினொன்றையும் என் கையிலேயே எண்ணியிருந்தேன். 

நீ மேலே வா என்றார் துரை.

நான் நகரவில்லை. என்ன சொல்லி அவரைத் தேற்றுவது என்று தெரியாமல், விதியிலேயே ஒரு வழி தேடினேன். பெரிய கன் இறுகினால் கிடக்க வேண்டியதுதான். நாலு பேர் பாரம். இது அப்படி இல்லையே என்று தோன்றியது.

"துரை, இது ஒத்த ஆள் தூக்குற சாமான்தானே. சுடுறதுக்கு விதி வச்சிருக்கீங்க. தூக்கிட்டு எறங்குறதுக்கு விதி இல்லையே?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. ரத்தம் இறங்கிய முகங்களை நான் நிறையப் பார்த்தவன். நாற்காலியை இழுத்து அவர் பின்னால் வைத்தேன். அவர் உட்காரவில்லை. பின்சரிவில் இருந்த அந்தத் தடத்தின்மேல் விரலை வைத்து, தொடாமல், மேலிருந்து கீழே வரைந்தார். இந்த வழிதான் என்றார்.

பிறகு சொன்னார். தமிழில் தொடங்கி, பாதியில் இங்கிலீஷுக்குப் போய்விட்டார். உச்சியில் எட்டுப் பேர் நின்றார்கள், அவரோடு சேர்த்து. நாலாவது தட்டில் துப்பாக்கி இறுகிவிட்டது. ஒரு மிஷின் கன் மலைக்காரர்கள் கையில் போவதைவிட ஒரு கம்பெனிச் சிப்பாய்கள் அழிவது மேல் என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாராவது அதைக் கீழே கொண்டுபோக வேண்டும். சுடுகிறவனுக்குத் தோளில் காயம். அவரே இடத்தோளில் தூக்கிக்கொண்டார். சரிசெய்துகொண்டு திரும்பி வருகிறேன் என்று ஏழு பேரிடமும் சொல்லிவிட்டு இறங்கினார். கீழே போனபோது படை பாதையைக் கடந்துவிட்டது, மேலே போக அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். துப்பாக்கியைக் காப்பாற்றியதற்காக எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள்.

சொல்லிவிட்டு, தன் பக்கம் எடுத்து வைத்திருந்த அதிகாரிப் பொம்மையை எடுத்து முகட்டில், ஏழு பேர் நடுவில் வைத்தார். சின்னத் துப்பாக்கியை அவன் பக்கத்தில் வைத்தார். இப்போது ஆடு என்றார். எனக்கு மனமில்லை. ஆடச் சொல்கிறேன் என்றார். ஆடினேன். பகடை எனக்குத்தான் விழுந்தது. விழாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உருட்டியும் விழுந்தது. ஏழு பேரும் சாய்ந்தார்கள். கடைசியில் அதிகாரியும் சாய்ந்தான்.

துரை சாய்ந்தவர்களை ஒவ்வொருவராக விரலால் எண்ணினார்.

"அப்ப எட்டு," என்றார்.

அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவருக்கு விளங்கியதா, அந்த எட்டாவது ஆளாகத் தான் இருந்திருக்க வேண்டும் என்று பட்டதா, எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"நீங்க மேல போய் ஆள் எறக்கினப்ப, எப்பவாவது, யாராவது உசுரோட இருந்தாங்களா?"

அதுவரை என்னை நீ என்றுதான் சொல்வார். இந்த நீங்க என்னைச் சொன்னதா, ஸ்ட்ரெச்சர் தூக்கிய எங்கள் எல்லாரையும் சொன்னதா, தெரியவில்லை.

எல்லையில் நூறு மலை இருந்தது. நான் ஏறியது பத்துப் பன்னிரண்டு. அதில் ஒன்றில், மறுநாள் காலை நாங்கள் போனபோது ஏழு பேர் கிடந்தார்கள். ஆறு பேர் இறந்திருந்தார்கள். ஏழாவது ஆள் தன் கால்பட்டியை அவிழ்த்துத் தன் தொடையைத் தானே இறுக்கிக் கட்டியிருந்தான். தண்ணீர் கொடுத்தேன். ஸ்ட்ரெச்சரில் வைக்கப் போனபோது என் கையைத் தள்ளினான். சாகிப் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவர் வந்து பார்த்தால் இங்கே ஆள் இருக்க வேண்டும் என்று இந்துஸ்தானியில் சொன்னான். உச்சி வெயில் ஏறுவதற்குள் பாதி வழியில் இறந்துபோனான்.

அது துரையின் மலைதானா என்பதற்கு ஒரு கேள்வி போதும். பக்கத்தில் கிராமம் இருந்ததா, எந்த மாதம், ஏதாவது ஒன்று. நான் கேட்கவில்லை.

"இல்ல துரை. எல்லாம் உடனே முடிஞ்சிருக்கும். யாரும் கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க."

அவர் தோள் இறங்கியது. அந்த நேரத்தில் முகட்டில் கொஞ்சம் மணல் சரிந்தது. மேசையை யாரும் தொடவில்லை. சாய்ந்து கிடந்த ஏழு பேரில் ஒருவன், அந்த மணலோடு அரைச் சுற்று உருண்டு, மல்லாந்து கிடந்தான். வண்ணம் பூசின முகம் கூரையைப் பார்த்தது. துரை திரும்புவதற்குள் நான் விரலால் அவனைக் குப்புறத் தள்ளிவிட்டேன். ஈயம் சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் என்னை ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அந்த வாரத்திலேயே நாலு ஆட்களை விட்டு மணலை அள்ளி ஆற்றில் கொட்டச் சொன்னார். பலகைகளைப் பிரித்து ஸ்டோருக்கு அனுப்பினார். அந்த அறையில் இப்போது ஒரு சத்தமும் இல்லை என்று அப்பு சொன்னார். துரை முன்போல விடியும்வரை உலாத்துவதில்லையாம், சாப்பாட்டை மிச்சம் வைப்பதில்லையாம். நான் கொடுத்த மருந்தா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து துரை சீமைக்குப் போனார். பங்களா வாசலில் கிளார்க், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர், கங்காணிமார் எல்லாரும் மாலையோடு வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும் மாலையை வாங்கி அப்புவிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் காலத்தில் துரைமார் அப்படிச் செய்வதில்லை. பக்கத்தில் நின்ற கிளார்க் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அன்றைக்கு நீ சொன்னது பெரிய உதவி என்றார் துரை, எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.  கார் இறங்கிப் போனது. அன்று ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் நிறைய இருந்தார்கள். போய்க் கொய்னா கலக்கினேன். அளவு தப்பி, இரண்டு தரம் கீழே கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டியிருந்தது.